பண்டிதை ரமாபாய் அம்மையார்: நெருக்கடியில் நிலைத்த நம்பிக்கை

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், பெண் கல்விக்காகத் தம்மையே ஈந்த ஒரு பெண்மணியின் வாழ்வை நினைவுகூருவது பொருத்தமானது. பண்டிதை ரமாபாயின் பெயரை எம்மிற் பலர் பாடசாலை நாட்களிலே கேள்விப்பட்டிருப்போம். வடமொழியில் வல்லவர், இளம் விதவைகளுக்கு இல்லம் அமைத்தவர், வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தவர் என்ற மூன்று வரிகளோடு அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த மூன்று வரிகளுக்குப் பின்னால் இருந்த துயரத்தை நாம் அதிகம் அறிந்ததில்லை.

பதினாறு வயதில் பஞ்சத்திலே தந்தையையும் தாயையும் இழந்தவர் அவர். பின்னர் தமக்கையையும், இருபத்திரண்டு வயதில் ஒரே துணையாயிருந்த தமையனையும் இழந்தார். இருபத்துமூன்று வயதில், பத்து மாதக் குழந்தையைக் கையில் ஏந்தியபடி விதவையானார். இத்தனைக்கும் பின் ஒருவர் எதைப் பற்றிக்கொண்டு எழுந்து நடப்பார்? இரண்டாயிரம் பேருக்குச் சோறிடும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? இக்கேள்விகளுக்கு அவருடைய வாழ்க்கையே விடை சொல்கிறது.

காட்டிலே ஒரு கல்விக்கூடம்

ரமாபாய் 1858 ஏப்ரல் 23 ஆம் திகதி, மேற்குத் தொடர்ச்சி மலையில், அக்கால மைசூர் அரசுக்குட்பட்ட கங்காமூலம் என்னும் காட்டுப் பகுதியிற் பிறந்தார். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்கரே, மராத்தியப் பிராமண குலத்தவர், சமஸ்கிருதத்தில் பேரறிஞர். இளமையில் புனேயில் கற்றபோது, பேஷ்வாவின் அரண்மனையில் ஒரு பெண் சமஸ்கிருதச் சுலோகங்களைத் தெளிவாகச் சொல்லக் கேட்டு வியந்தவர். தாமும் தம் மனைவிக்குக் கற்பிக்க வேண்டும் என்று அன்றே எண்ணம் கொண்டார்.

பெண்கள் சமஸ்கிருதம் கற்பது அக்காலத்தில் பெருங்குற்றம். அவர் தமது மனைவி லக்ஷ்மிபாய்க்குப் பாடம் தொடங்கியதும் உறவினரும் பண்டிதரும் எதிர்த்தனர். சபையில் நிறுத்திக் காரணம் கேட்டனர். சாஸ்திரங்களிலிருந்தே ஆதாரம் காட்டித் தம் செயலை நிலைநாட்டிய பின்பு, அவர் ஊரை விட்டு மனைவியுடன் காட்டிற் குடியேறினார். அங்கே குடில் அமைத்து மாணவர்களுக்குக் கற்பித்தார். அந்தக் காட்டிலேதான் ரமாபாய் பிறந்தார்.

வருமானம் குன்றிக் கடன் பெருகியதால், குழந்தை பிறந்து சில மாதங்களில் அக்குடும்பம் காட்டை விட்டு வெளியேறியது. அதன் பின் அவர்களுக்கு நிலையான வீடு இருக்கவில்லை. புண்ணியத் தலங்களுக்கு யாத்திரை போவதும், கோயில் முன்றல்களில் புராணம் வாசிப்பதும், கேட்டவர் தரும் காணிக்கையில் வாழ்வதுமே வாழ்க்கையாயிற்று. இந்த நடைப்பயணங்களுக்கு நடுவே, எட்டு வயது தொடக்கம் தாயார் லக்ஷ்மிபாயே மகளுக்கு ஆசிரியையானார். மற்ற வேலைகள் தொடங்குமுன் விடியற்காலையில் மகளை எழுப்பிப் பாடம் சொன்னார். பன்னிரண்டு வயதளவில் பாகவதத்தின் 18,000 சுலோகங்கள் ரமாபாய்க்கு மனப்பாடம். ஒரு தாய் விடியலிற் கற்பித்த அந்தப் பாடமே பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கல்வியாய்ப் பெருகியது என்பதை மறக்கலாகாது.

பஞ்சம் கற்பித்த பாடம்

1870களின் நடுப்பகுதியில் தென்னிந்தியாவைப் பஞ்சம் வாட்டியது. கையிலிருந்த பணத்தையெல்லாம் தானங்களிலும் விரதங்களிலும் செலவிட்டு முடித்துவிட்ட அந்தக் குடும்பத்தை, புராணம் கேட்டுக் காணிக்கை கொடுப்பார் எவரும் இருக்கவில்லை. கல்வி நிறைய இருந்தது. ஆனால் உழைத்துப் பிழைக்கும் கைத்தொழில் ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. பிச்சை கேட்கவோ கூலி வேலை செய்யவோ குல மானம் இடங்கொடுக்கவில்லை. திருப்பதிக்கு அப்பாலுள்ள காட்டில் நாட்கணக்காக இலைகளையும் தண்ணீரையும் கொண்டு உயிர் தாங்கினர். பார்வை மங்கி முதுமையடைந்திருந்த அனந்த சாஸ்திரி 1874 இல் உயிர் நீத்தார். இறுதியில் தம் கடைசி மகளை அருகழைத்து, கடவுளுக்குப் பணிசெய்து நேர்மையாக வாழுமாறு சொல்லிச் சென்றார். அந்த வார்த்தையை ரமாபாய் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

சில வாரங்களில் தாயாரும் நோயுற்றார். குல மானத்தை விட்டு, அம்மாவுக்காக ஒரு வீட்டு வாசலில் நின்று சோறு கேட்டார் ரமாபாய். அதனையும் உண்ணும் நிலையில் தாயார் இருக்கவில்லை. தகனத்துக்குப் பாடை சுமக்க இரண்டு பேரே முன்வந்தனர். மற்ற இரு முனைகளையும் தமையன் ஸ்ரீநிவாசனும் ரமாபாயும் சுமந்தனர். நால்வரில் அவரே உயரம் குறைந்தவராதலால் தோளில் வைக்க முடியாமல் தலையில் வைத்துச் சுமந்தார். சுடலை ஏறக்குறைய மூன்று மைல் தூரம். பின்னர் தமக்கையும் கொலராவுக்குப் பலியானார்.

எஞ்சிய இருவரும் ஆயிரக்கணக்கான மைல்கள் நடந்தனர். வடக்கே ஜீலம் நதிக்கரையில், போர்க்கப் போர்வை இல்லாத குளிர் இரவில், மணலில் குழி தோண்டி அதற்குள் படுத்து மேலே மணலை மூடிக்கொண்டு உறங்கினர். தலங்கள் பலவற்றை வணங்கியும் வேண்டியது கிடைக்காமற் போனபோது, இளமையில் அவர்களைத் தாங்கியிருந்த நம்பிக்கை மெல்ல மெல்லத் தளர்ந்தது. ரமாபாயின் பிற்கால விசுவாசத்தைப் பற்றிப் பேசுவோர் இந்த இடத்தை விரைவாகக் கடந்துவிடுவதுண்டு. நம்பிக்கை உடைந்துபோனால் மனம் எப்படி வெறுமையாகும் என்பதை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார். ஆதலால், பின்னாளில் தம்மிடம் வந்த எந்தப் பெண்ணின் சந்தேகத்தையும் அவர் இகழ்ந்ததில்லை. பெற்றோரின் பக்தியையும் கடைசிவரை மதிப்புடனேயே நினைவுகூர்ந்தார்.

பட்டமும் பேரிழப்பும்

1878 இல் சகோதரனும் சகோதரியும் கல்கத்தா வந்து சேர்ந்தனர். இருபது வயதுப் பெண்ணின் சமஸ்கிருதப் புலமையைச் சோதித்த பண்டிதர்கள் வியந்து, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டங்கள் சூட்டினர். பெண்கள் கற்க வேண்டும் என்று அவர் மேடைதோறும் பேசினார். புகழ் பரவிக்கொண்டிருந்த அந்நாளில், 1880 இல் தமையன் ஸ்ரீநிவாசன் மறைந்தார்.

அதே ஆண்டில் ரமாபாய், விபின் பிகாரி மேதாவி என்ற வங்காள வழக்கறிஞரை மணந்தார். மணமகன் வேறு சாதியினர், வேறு மொழியினர். சமூகம் தள்ளிவைத்தது. ஆயினும் சில்சாரில் அவர்களது சிறு இல்லம் இன்பமாயிருந்தது. 1881 ஏப்ரலில் மகள் மனோரமா பிறந்தாள். அந்த வீட்டு நூல்களுக்கிடையே வங்காளி மொழியில் அச்சான லூக்கா சுவிசேஷப் பிரதி ஒன்று ரமாபாயின் கண்ணிற் பட்டது. வாசித்தார், மனம் ஈர்க்கப்பட்டது. அங்கே பணியாற்றிய மிஷனரி ஒருவரிடம் ஆதியாகமத்தின் பொருளும் கேட்டறிந்தார். கணவருக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பேச்சு முடியுமுன்னரே 1882 பெப்ரவரியில் கொலரா அவரைக் கொண்டுபோயிற்று. மணமாகி இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை.

உயர்குலத்து விதவையின் நிலை அக்காலத்தில் என்னவென்று நாம் அறிவோம். தலை மழித்து, ஒரு வேளை உண்டு, மங்கல காரியங்களில் முகம் காட்டாது மூலையில் வாழ வேண்டும். ரமாபாய் மூலையில் அமரவில்லை. குழந்தையுடன் புனே வந்து, ஆரிய மகிளா சமாஜம் என்னும் பெண்கள் சங்கத்தை நிறுவினார். அதே 1882 இல் கல்வி நிலையை ஆராய வந்த ஹண்டர் ஆணைக்குழுவின் முன் தோன்றி, பெண்களுக்குக் கற்பிக்கப் பெண் ஆசிரியைகளைப் பயிற்ற வேண்டும் என்றும், பெண்கள் மருத்துவம் கற்க வழி செய்ய வேண்டும் என்றும் சாட்சியமளித்தார். இன்று நாம் இயல்பாய் அனுபவிக்கும் பல உரிமைகள் அன்று ஓர் இளம் விதவை கேட்டுப் பெறவேண்டியவையாயிருந்தன.

இங்கிலாந்தில் ஞானஸ்நானம்

தாமே மருத்துவம் கற்கும் நோக்குடன் 1883 இல் ரமாபாய் இரண்டு வயது மகளுடன் இங்கிலாந்து சென்றார். வான்டேஜ் நகரில் ஆங்கிலிக்கன் அருட்சகோதரிகளின் மடம் அவருக்கு இடமளித்தது. அங்கும் சோதனைகள் காத்திருந்தன. செவிப்புலன் குறைந்துகொண்டு வந்ததால் மருத்துவக் கல்வி கைகூடவில்லை. தாய்நாட்டிலிருந்து துணையாக வந்த தோழி அங்கே மிகத் துயரமான முறையில் உயிரிழந்தார். அந்நிய நாட்டில், அந்நிய மொழியில், அந்த அதிர்ச்சியை அவர் தனியே தாங்கவேண்டியிருந்தது.

அக்காலத்தில் சகோதரிகள் அவரை லண்டனில் ஃபுல்ஹாம் பகுதியிலிருந்த ஓர் இல்லத்துக்கு அழைத்துச் சென்றனர். வழிதவறியவர் என்று உலகம் ஒதுக்கிய பெண்களை அங்கே அன்போடு பராமரிப்பதைக் கண்டார். தம் நாட்டில் அத்தகைய பெண்களுக்கு இரக்கம் காட்டுவாரை அவர் கண்டதில்லை. இதற்குக் காரணம் என்னவென்று கேட்டபோது, இயேசு சமாரியப் பெண்ணைச் சந்தித்த வரலாற்றை அவருக்கு வாசித்துக் காட்டினர். கிணற்றடியில் தனித்து நின்ற பெண்ணை இகழாது பேசிய அந்த ஆண்டவரிடம் ரமாபாயின் உள்ளம் சாய்ந்தது. 1883 செப்டெம்பர் 29 இல் மகளுடன் ஞானஸ்நானம் பெற்றார்.

பின்பு செல்ற்றன்ஹாம் மகளிர் கல்லூரியில் அதிபர் டொரத்தியா பீலின் ஆதரவில் கற்றும் சமஸ்கிருதம் கற்பித்தும் வந்தார். ஆண் மாணவர்களுக்கு அவர் கற்பிக்கலாகாதென்று ஆயர்கள் சிலர் தடைசொன்னபோது, அதனை ஏற்க மறுத்து வாதாடினார். திருச்சபைக் கோட்பாடுகளையும் ஆராயாமல் ஏற்றுக்கொள்ளவில்லை. தம்மை நேசித்த சகோதரிகளுடனேயே கடிதம் கடிதமாக விவாதித்தார். கிறிஸ்தவரான பின்பும் சைவ உணவையும் தாய்நாட்டு உடையையும் விடவில்லை. கடவுள் தந்த மனச்சாட்சியை வேறொருவர் கையில் ஒப்படைக்க முடியாது என்பது அவரது உறுதி.

ஞானஸ்நானம் பெற்ற அன்றே மன அமைதி வந்துவிட்டதென்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. கிறிஸ்தவ சமயத்தைத் தாம் ஏற்றுக்கொண்டதாகவும், கிறிஸ்துவையே கண்டடைய மேலும் எட்டு ஆண்டுகள் சென்றதாகவும் பின்னாளில் எழுதினார். உறுதியான விசுவாசம் உடனே வாய்க்காதவர்களுக்கு இது ஆறுதல் தரும் செய்தி.

சாரதா சதன்

1886 இல், இந்தியப் பெண் ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெறும் விழாவுக்காக ரமாபாய் அமெரிக்கா சென்றார். அங்கே பாலர் கல்வி முறைகளைக் கற்றார். 1887 இல் உயர்சாதி இந்துப் பெண்களின் நிலைபற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அவ்வாண்டு டிசெம்பரில் பொஸ்டனில் ரமாபாய் சங்கம் உருவாகி, பத்து ஆண்டுகள் உதவுவதாக வாக்களித்தது.

1889 மார்ச் 11 இல் பம்பாயில் சாரதா சதன் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் மாணவிகள் இருவர். அவர்களுள் ஒருவர் கோதுபாய் என்ற இளம் விதவை. பின்பு இவர் பேராசிரியர் கார்வேயை மறுமணம் செய்து, பெண் கல்வியில் அவருக்குத் துணை நின்றார். அந்தக் கார்வே 1916 இல் இந்தியாவின் முதலாவது பெண்கள் பல்கலைக்கழகத்தை நிறுவினார். 1889 டிசெம்பரில் பம்பாயிற் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்ட முதற் பெண் பிரதிநிதிகளுள் ரமாபாயும் ஒருவர்.

பள்ளியில் சமயம் திணிப்பதில்லை என்பது ஒப்பந்தம். அதன்படி எந்த மாணவியும் தன் முறைப்படி வழிபடலாம். ரமாபாய் தம் அறையில் மகளுடன் ஜெபிக்கும்போது கதவைச் சாத்துவதில்லை. விரும்பிய மாணவிகள் வந்து அமர்ந்தனர். 1893 இல் இது பெரும் புயலாயிற்று. பள்ளி இப்போது புனேயில் இருந்தது. உள்ளூர் ஆலோசகர்கள் பதவி விலகினர். இருபதுக்கு மேற்பட்ட மாணவிகளை உறவினர் அழைத்துச் சென்றனர். பத்திரிகைகள் தாக்கின. பெண் கல்வியில் உற்ற துணைவராய் இருந்த நண்பர்களே விலகிப்போனது அவருக்கு மிகுந்த வேதனை. அவர்கள் பக்கத்து நியாயமும் அறியத்தக்கதே. தம் பிள்ளைகள் தம் மரபை விட்டுப் போய்விடுவார்களோ என்ற அச்சம் அவர்களுடையது. ரமாபாய் எவரையும் வற்புறுத்தவில்லை; தம் விசுவாசத்தை மறைக்கவுமில்லை. கதவு முன்போலவே திறந்திருந்தது. போனவர் போக, எஞ்சியவர்களுடன் மறுநாட் பாடம் நடந்தது.

மீண்டும் பஞ்சம்

1896 இன் இறுதியில் மத்திய மாகாணங்களில் கொடும் பஞ்சம் என்ற செய்தி வந்தது. கையில் மேலதிகப் பணம் இல்லை. சாரதா சதனுக்குப் பொஸ்டன் தரும் உதவி, அங்குள்ள மாணவிகளுக்கு மட்டுமே போதுமானது. ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு முன் தாம் பட்ட பசியை அவரால் மறக்க முடியவில்லை. கடவுளிடம் மன்றாடிவிட்டு நேரே பஞ்சப் பகுதிக்குப் பயணமானார். நிவாரண முகாம்களில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த சிறுமிகளைக் கண்டார். பசியைவிடப் பெரிய ஆபத்தும் அவர்களைச் சூழ்ந்திருந்ததை அறிந்தார். ஆதரவற்ற பெண் பிள்ளைகளைத் தேடித் தீயவர்கள் அங்கே திரிந்தனர். சுமார் 300 பேரை ரமாபாய் அழைத்து வந்தார்.

அவர்களை வைத்திருக்கப் புனேயில் இடமில்லை. 1897 இல் நகரத்தில் பிளேக் நோய் பரவியதால் புதிதாக ஆட்களைச் சேர்ப்பதை அதிகாரிகள் தடுத்தனர். புனேயிலிருந்து ஏறக்குறைய 34 மைல் தொலைவிலுள்ள கேட்காவ் என்னும் சிற்றூரில், பள்ளியின் வருமானத்துக்குப் பழத்தோட்டம் போடவென்று வாங்கிய 100 ஏக்கர் நிலம் இருந்தது. அந்த வெட்டவெளியிலே கூடாரங்களும் ஓலைக் கொட்டில்களும் எழுந்தன. அதுவே முக்தி இல்லத்தின் தொடக்கம்.

ஜோர்ஜ் முல்லர், ஹட்சன் டெயிலர் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை ரமாபாய் வாசித்திருந்தார். நிரந்தர நிதி ஏதுமின்றிக் கடவுளை மட்டும் நம்பி அநாதைகளைப் பராமரித்தவர் முல்லர். அவ்வழியில் தாமும் செல்லத் துணிந்தார். என்றாலும், நம்பியிருத்தல் என்பதை அவர் சும்மாயிருத்தல் என்று ஒருநாளும் பொருள்கொள்ளவில்லை. காலையில் ஜெபம், அதன்பின் கிணறு வெட்டுவோருக்குக் கூலிக் கணக்கு, தானியக் கொள்முதல், வகுப்புப் பிரிப்பு, நோயாளர் கவனிப்பு. தந்தையின் குடும்பம் கல்வி இருந்தும் கைத்தொழில் இன்றிப் பசியில் வாடியதை அவர் மறக்கவில்லை. ஆகவே முக்தியில் ஒவ்வொரு பெண்ணும் எழுத்தும் கற்றாள், ஒரு தொழிலும் கற்றாள். நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுதல், பால் பண்ணை, தோட்டவேலை, அச்சுக்கோத்தல் என்று வேலைகள் பெருகின. சாரதா சதனில் முன்பு கற்ற இளம் விதவைகளே புதிய பிள்ளைகளுக்கு ஆசிரியைகளும் தாய்மாருமாயினர்.

1899, 1900 ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்துக் குஜராத்தையும் மேற்கு இந்தியாவையும் இன்னும் பெரிய பஞ்சம் பற்றியது. பொஸ்டன் சங்கம் வாக்களித்த பத்து ஆண்டுகளும் முடிந்திருந்தன. முக்தியில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கானோர். இனிப் போதும் என்று யார் சொல்லியிருந்தாலும் குற்றமில்லை. ரமாபாய் தம்மிடம் பயின்ற பெண்களையே பஞ்ச மாவட்டங்களுக்கு அனுப்பினார். முன்னொரு நாள் தாமே மீட்கப்பட்டவர்கள் மற்றவர்களை மீட்கச் சென்றனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களும் பிள்ளைகளும் வந்து சேர, முக்தியில் இருந்தோர் தொகை 2,000 அளவை எட்டியது.

அத்தனை பேருக்கும், மாடுகளுக்கும், கட்டட வேலைக்கும் தண்ணீர் வேண்டும். சுற்றுப்புறமெங்கும் கிணறுகள் வற்றிக்கொண்டிருந்தன. முக்தியின் கிணறுகள் மாலையில் அடி தெரியுமளவுக்கு இறைக்கப்பட்டு, மறுநாட் காலையில் அன்றைய தேவைக்கு வேண்டிய நீர் ஊறியிருக்கும் என்று அங்கு இருந்தவர்கள் நன்றியோடு சொல்லி வந்தனர். ஒரு நாளைக்கு வேண்டியது ஒரு நாளைக்குக் கிடைத்தது. அடுத்த மாதத்துக்கான உறுதி எவரிடமும் இருக்கவில்லை. ரமாபாயின் விசுவாசம் அந்த நாளளவு விசுவாசம்தான். கிடைக்கும் என்று நம்பிச் சமைத்தார். அதே வேளை புதுக் கிணறுகளும் வெட்டுவித்தார்.

எல்லா உயிரும் பிழைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டினியால் உருக்குலைந்து வந்த பிள்ளைகள் பலர், வந்த சில நாட்களிலே கண்மூடினர். ரமாபாய் அவர்களையும் மடியிற் கிடத்தியிருந்தார். ஜெபம் சாவைத் தடுத்துவிடும் என்று அவர் போதிக்கவில்லை. எந்தப் பிள்ளையும் தனித்துச் சாகலாகாது என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

விரிந்த இல்லம்

ஆண்டுகள் செல்ல, முக்தி ஒரு சிற்றூர் போலாயிற்று. உலகம் ஒதுக்கிய பெண்களுக்கு கிருபா சதன் அமைந்தது. ஃபுல்ஹாமில் கண்ட காட்சி இங்கே உருப்பெற்றது. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் பிரீதி சதன் எழுந்தது. பார்வையற்றோருக்குத் தனிப் பிரிவு ஏற்பட்டு, அவர்களுக்குப் பிரெயில் எழுத்து கற்பிக்கப்பட்டது. அமெரிக்காவில் கற்றுத் திரும்பிய மகள் மனோரமா, தாயின் வலக்கையாய் நின்றார். 1905 இல் முக்தியில் எழுந்த ஆவிக்குரிய எழுப்புதல் உலகெங்கும் கிறிஸ்தவர்களிடையே பேசப்பட்டது. பெண்கள் குழுக் குழுவாய்ச் சுற்றுக் கிராமங்களுக்குச் சென்று ஊழியம் செய்தனர்.

தம் பிற்காலத்தில் ரமாபாய் தம்மிடமிருந்த மிகப் பெரும் செல்வமான மொழிப் புலமையைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கினார். எளிய கிராமப் பெண்ணும் விளங்கிக்கொள்ளும் மராத்தியில் வேதாகமம் வேண்டும் என்று எண்ணி, எபிரேயமும் கிரேக்கமும் கற்று, பல்லாண்டுகள் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார். சமஸ்கிருதப் பண்டிதை, கடினமான சமஸ்கிருதச் சொற்களை விலக்கி எளிய சொற்களைத் தேடினார். பஞ்சத்திலிருந்து மீட்கப்பட்ட பெண்களே முக்தி அச்சகத்தில் அதற்கு எழுத்துக் கோத்தனர். செவிப்புலன் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது. அந்த நிசப்தத்திலும் வேலை நிற்கவில்லை.

1919 இல் ஆங்கில அரசு கைசர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. 1921 யூலையில் இறுதிப் பேரிடி விழுந்தது. தமக்குப் பின் முக்தியை நடத்துவார் என்று நம்பியிருந்த ஒரே மகள் மனோரமா நாற்பது வயதில் இறந்தார். தாய் தந்தையரையும், உடன்பிறந்தோரையும், கணவரையும் இழந்தவருக்கு எஞ்சியிருந்த ஒரே இரத்த உறவும் அற்றுப்போயிற்று. கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்பதற்கு அவரைவிட உரிமை உள்ளவர் யார்? ரமாபாய் மகளை அடக்கம் செய்தபின் மொழிபெயர்ப்பின் அச்சுப் பிழை திருத்தத்துக்குத் திரும்பினார். உடல் நலிந்து கொண்டிருந்தது. அந்த வேலையை முடிக்கும்வரை தமக்கு நாள் தருமாறு மட்டும் வேண்டிக்கொண்டார் என்பர். 1922 ஏப்ரல் 5 இல் அமைதியாகக் கண் மூடினார். முழு வேதாகமம் 1924 இல் அச்சில் நிறைவெய்தியது. இந்திய அரசு 1989 இல் அவர் நினைவாக அஞ்சல் முத்திரை வெளியிட்டது. கேட்காவில் முக்தி இல்லம் இன்றும் ஆதரவற்ற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் புகலிடமாய் விளங்குகிறது.

எமக்கு விட்டுச்சென்றது

அன்புச் சகோதரிகளே, போரும் இடப்பெயர்வும் கடல்கோளும் கண்ட தலைமுறைகள் எம்முடையவை. இன்று நாம் உலகின் பல மூலைகளிலும் வாழ்கிறோம். வேலை நிரந்தரமில்லை, பிள்ளைகளின் எதிர்காலம் தெளிவில்லை, மருத்துவரின் அறிக்கைக்காகக் காத்திருக்கிறோம், ஊரில் முதிய பெற்றோர் தனித்திருக்கின்றனர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை உண்டு. எம்மிற் கிறிஸ்தவர்களும் உளர், இந்துக்களும் பிற சமயத்தவரும் உளர். ரமாபாய் தம் நம்பிக்கையைக் கிறிஸ்துவில் வைத்தார். அவ்விசுவாசத்தைப் பகிர்பவர்கள் அவரிடம் ஒரு மூத்த சகோதரியைக் காண்பார்கள். பகிராதவர்களும் அவருடைய வாழ்விலிருந்து பெறுவதற்கு நிறைய உண்டு.

துன்பம் வராதபடி விசுவாசம் அவரைக் காக்கவில்லை. துன்பத்தில் அவருடைய கதவு சாத்தப்படாதபடி காத்தது. தமக்கே இல்லாத நேரத்தில் இன்னும் ஒருவரை உள்ளே அழைக்கும் மனத்தை அது அவருக்குத் தந்தது. பயம் மிகும்போது மனிதர் இயல்பாகச் செய்வது, உள்ளதை இறுகப் பிடித்துக்கொள்வது. ரமாபாய் ஒவ்வொரு நெருக்கடியிலும் ஜெபித்து எழுந்தபின், அன்று செய்யக்கூடிய ஒரு வேலையைத் தேடினார். ஒரு கிணறு, ஒரு வகுப்பு, ஒரு கவளம் சோறு, திருத்த வேண்டிய ஒரு பக்கம். நாளைய கேள்விகளை நாளைக்கே விட்டார்.

கல்வி பெற்ற பெண்ணுக்கு ஒரு கடமை உண்டு என்பதும் அவர் வாழ்வின் செய்தி. விடியற்காலையில் தாயார் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. மீட்கப்பட்ட பெண் மற்றொரு பெண்ணை மீட்கப் போனாள். கற்றவள் அடுத்தவளுக்குக் கற்பித்தாள். எமக்கும் யாரோ ஒரு ஆசிரியை விடியலில் எழுந்து பாடம் ஆயத்தம் செய்தார். யாரோ ஒருவர் விடுதியில் எமது நோயைப் பார்த்தார். யாரோ தந்த உதவியில் எம்மிற் சிலரின் கட்டணம் செலுத்தப்பட்டது. இந்த நூற்றாண்டு நிறைவில், வசதி குறைந்த ஒரு மாணவியின் படிப்புக்கு நாமும் கைகொடுப்போமாயின், அதுவே பண்டிதை ரமாபாய் அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும். எமது கல்லூரி அன்னையின் கதவும் வரும் நூறு ஆண்டுகளுக்குத் திறந்தே இருக்க இறைவன் அருள்புரிவாராக.